நரம்பு மண்டலம் ஒரே பெட்டியில்: ஸ்லைடுகளுக்காக வாங்கலாம், கையேட்டைத் திருத்திக்கொண்டு

நரம்பு மண்டலத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒரே பெட்டியாக விற்கும் தொகுப்பு ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்தினோம். மரப்பெட்டிக்குள் சாயமேற்றிய திசு ஸ்லைடுகள், பெரிதாக்கப்பட்ட ஒரு நியூரான் (நரம்புச் செல்) மாதிரி, எட்டுத் துண்டுகளாகப் பிரியும் மூளை மாதிரி, சுவரில் மாட்டும் படம், ஒரு கையேடு. நான் செவிலியர் படிப்பின் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் செய்முறை வகுப்பு எடுப்பவள். பின்னாளில் நோயாளியின் முதுகில் ஊசி குத்தும்போது அருகில் நிற்கப் போகிறவர்களும், பக்கவாதம் வந்தவரின் கை அசைகிறதா என்று இரவெல்லாம் பார்க்கப் போகிறவர்களும் இவர்கள்தான். அந்தக் கண்ணோடுதான் இந்தப் பெட்டியைப் பார்த்தேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்லைடுகள் அருமை, மூளை மாதிரி நன்று, நியூரான் மாதிரி பரவாயில்லை. கையேடும் சுவர்ப்படமும் திருத்தாமல் மாணவர் கைக்குப் போகக் கூடாதவை.

நரம்புத் திசுவுக்கென்று தனி நிறம் எதுவும் கிடையாது. சாயமேற்றாத மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் மங்கலான ஒரு பரப்புதான் தெரியும். எந்தச் சாயத்தை ஏற்றுகிறோமோ அதற்கேற்ப ஒரு பகுதி எழுந்து நிற்கும், மற்றவை பின்வாங்கிவிடும். செல்லின் உடல் தெரியும் சாயத்தில் அதன் கிளைகள் தெரியா. கிளைகள் தெரியும் சாயத்தில் அக்கம்பக்கத்துச் செல்கள் தெரியா. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற உறை தெரிய வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு முறை. ஆகவே இப்படிப்பட்ட தொகுப்பு எதையும் நான் ஒரே கேள்வியால்தான் அளப்பேன்: ஒவ்வொரு ஸ்லைடும் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதை மறைக்கிறது என்பதையும் சொல்கிறதா? இந்தப் பெட்டிக்கு ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. கையேட்டை எழுதியவருக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

முதல் ஸ்லைடு மாட்டின் தண்டுவடத்திலிருந்து எடுத்த பூச்சு. வெட்டிய சீவல் அல்ல. சாம்பல் நிறப் பகுதியைச் சிறிது எடுத்துக் கண்ணாடியில் அழுத்தி இழுத்து, நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு ஸ்லைடுக்காகவே பெட்டியை வாங்கலாம். சீவலில் செல்லின் கிளைகள் வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாக நிற்கும். பூச்சில் செல் முழுதாக, எல்லாக் கிளைகளும் விரிந்து படுத்திருக்கும். குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் நீலப் புள்ளிகள் சிதறிக் கிடப்பதுதான் தெரியும். அவற்றுக்கிடையே கோணல் மாணலாக, கண்ணுக்கு உடனே வித்தியாசமாகப் படும் பெரிய உருவங்கள் ஆங்காங்கே இருக்கும். அவைதான் தசையை இயக்கும் பலமுனை நியூரான்கள். அவற்றில் சில ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம்வரை இருக்கும்.

நாற்பது மடங்கு லென்சுக்கு மாற்றி, நுண் திருகை மெல்லத் திருப்பும்போது செல்லின் உள்ளே நிஸில் துகள்கள் தெரியத் தொடங்கும். ரைபோசோம்கள் நிறைந்த எண்டோபிளாச வலை இது. புரதம் உற்பத்தியாகும் இடம். நீலச் சாயம் அங்குள்ள ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. நடுவில் வெளிறிய பெரிய கரு, அதனுள் ஒற்றைக் கரும்புள்ளியாக நியூக்ளியோலஸ். இனி அந்தச் செல்லிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான கிளைகளுக்குள் நீலத் துகள்கள் கொஞ்ச தூரம் போகும். ஒரே ஒரு கிளையின் அடிவாரத்தில் மட்டும் துகள்களே இல்லாமல் ஒரு சிறு முக்கோணம் வெளுத்துக் கிடக்கும். செல்லிலிருந்து செய்தியை வெளியே கொண்டுபோகும் ஆக்ஸான் புறப்படும் மேடு அது. துகள் போகும் கிளைகள் செய்தியை வாங்கும் டெண்ட்ரைட்டுகள், துகள் போகாத அந்த ஒன்று ஆக்ஸான். பாடநூல் படத்தில் ஆக்ஸானை நீளத்தை வைத்து அடையாளம் காண்கிறோம். இங்கே நீளம் உதவாது, பூச்சு இழுத்ததில் அது பாதியில் அறுந்திருக்கும். உள்ளே என்ன இல்லை என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாச் செல்லிலும் இந்த மேடு மேல்பக்கமாக அமைந்திருக்காது. பல செல்களைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேறெந்த அரை மணி நேரமும் இவ்வளவு கற்றுத்தராது.

கையேடு இந்த ஸ்லைடைப் பற்றிச் சொல்வது மூன்றே வரி. அதிலும் ஒன்று தவறு. சுற்றிச் சிதறியிருக்கும் சிறு நீலப் புள்ளிகளை “ஆஸ்ட்ரோசைட்டுகள்” என்று குறித்திருக்கிறார்கள். அவை நியூரான்களுக்குத் துணை நிற்கும் நியூரோக்ளியா செல்களின் கருக்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆஸ்ட்ரோசைட், ஆலிகோடெண்ட்ரோசைட், மைக்ரோக்ளியா என்று இந்தச் சாயத்தில் மாணவர் பிரித்துச் சொல்ல வழியில்லை. உடலும் கிளையும் தெரியாமல் கரு மட்டும் தெரியும் செல்லுக்குப் பெயர் சூட்டக் கற்றுக்கொடுப்பது தவறான பழக்கம்.

அடுத்தது தண்டுவடத்தின் குறுக்குவெட்டு. வெறும் கண்ணாலேயே நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவச் சாம்பல் பகுதியும் சுற்றிலும் வெண்மைப் பகுதியும் தெரிகின்றன. பெருமூளையில் இந்த வரிசை தலைகீழ்: சாம்பல் பகுதி வெளியே இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தடிமனில் புறணியாக இருக்கும், வெண்மை உள்ளே. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வைக்கும்படி பெட்டியில் பெருமூளைப் புறணியின் சீவலும் இருப்பது நல்ல ஏற்பாடு. தண்டுவடத்தின் முன்கொம்பில் சற்றுமுன் பூச்சில் பார்த்த அதே பெரிய செல்கள் தம் சொந்த இடத்தில் நிற்கின்றன. நடுக் குழாயைச் சுற்றி எபெண்டைமா செல்கள் ஒற்றை வரிசையாக அணிவகுத்திருக்கின்றன. ஆனால் இது தண்டுவடத்தின் எந்த மட்டத்தில் வெட்டியது என்று ஸ்லைடின் ஒட்டுச்சீட்டிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. மார்புப் பகுதியிலும் இடுப்புப் பகுதியின் மேல்முனையிலும் மட்டும் பக்கவாட்டில் ஒரு சிறு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். தானியங்கு நரம்பு மண்டலத்தின் பரிவுப் பிரிவுக்கான செல்கள் அங்கேதான் இருக்கின்றன. கழுத்திலும் இடுப்பிலும், கை கால்களுக்கான செல்கள் கூடுவதால், முன்கொம்பு அகன்றிருக்கும். எங்களுக்கு வந்தது அகன்ற முன்கொம்புள்ள வெட்டு. பக்கக் கொம்பு அதில் இல்லை. கையேட்டின் படத்திலோ பக்கக் கொம்பு இருக்கிறது. மாணவர்கள் இல்லாத ஒன்றை வெகுநேரம் தேடினார்கள்.

முதுகு வேர் நரம்பு முடிச்சின் ஸ்லைடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குறையே இல்லாதது. உருண்டையான பெரிய உணர்வு நியூரான்கள், ஒவ்வொன்றையும் வளையமாகச் சூழ்ந்த சிறு துணைச் செல்கள். தொடுதலும் வலியும் தண்டுவடத்துக்குள் நுழையும் வழியில் இந்தச் செல்கள்தான் இருக்கின்றன. முன்கொம்புச் செல்லின் கோணல் உருவத்தைப் பார்த்த கண்ணுக்கு இந்த உருண்டை உடனே பதிந்துவிடும்.

இந்தத் தொகுப்பின் உண்மையான சிறப்பு ஒரே நரம்பை இரண்டு விதமாகத் தந்திருப்பதில் இருக்கிறது. முதல் ஸ்லைடில் தொடை நரம்பின் குறுக்குவெட்டு, வழக்கமான ஹெமடாக்சிலின், இயோசின் சாயத்தில். இளஞ்சிவப்புக் கட்டுகளாக நரம்பிழைகள், கட்டைச் சுற்றிப் பெரிநியூரியம் என்னும் உறை, எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்திய எபிநியூரியம். உற்றுப் பார்த்தால் ஒவ்வோர் இழையிலும் நடுவே ஒரு சிறு புள்ளியும் அதைச் சுற்றி வெற்றிடமும் இருக்கும். புள்ளிதான் ஆக்ஸான். வெற்றிடம் இருந்த இடத்தில் மையலின் இருந்தது. அது பெரும்பாலும் கொழுப்பு என்பதால், ஸ்லைடு தயாரிக்கும்போது பயன்படுத்தும் ஆல்கஹாலிலும் சைலினிலும் கரைந்து போய்விட்டது. இரண்டாவது ஸ்லைடில் அதே நரம்பு, ஆஸ்மியம் டெட்ராக்சைடில் பதப்படுத்தியது. இப்போது எல்லாம் எதிர்மாறாகிவிடுகிறது. வெற்றிடமாக இருந்த இடமெல்லாம் அடர்கருப்பு வளையங்கள். தடித்த வளையம், மெல்லிய வளையம் என்று அளவு வேறுபாடுகூடத் துலக்கமாகத் தெரியும். இரண்டு நுண்ணோக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு ஸ்லைடுகளையும் மாறி மாறிப் பார்க்கச் செய்தால் போதும். மையலின் என்றால் என்ன என்று பிறகு விளக்க வேண்டியதில்லை.

கையேடு இந்த இரண்டு ஸ்லைடுகளையும் வெவ்வேறு அத்தியாயங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் வைத்திருக்கிறது. முதலாவதின் கீழ் “மையலின் உறையைக் காண்க” என்று வேறு எழுதியிருக்கிறது. அந்த ஸ்லைடில் அது இல்லை. மாணவர் வெற்றிடத்தைப் பார்த்து அதுதான் உறை என்று நம்பிவிடுவார். இவ்வளவு நல்ல இணையைத் தயாரித்துவிட்டு அதை இப்படி வீணடித்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆஸ்மியத்தில் கருத்த அதே நரம்பைத் தனித்தனி இழையாகப் பிரித்து வைத்த மூன்றாவது ஸ்லைடும் உண்டு. நீளவாக்கில் ஓடும் கரிய இழையில் திடீரென்று ஓர் இடைவெளி, மீண்டும் கருப்பு. ரான்வியர் கணு அது. லூயி-அந்துவான் ரான்வியர் 1870களில் விவரித்தது. இடைவெளியின் அகலம் சுமார் ஒரு மைக்ரோமீட்டர்தான். இரண்டு கணுக்களுக்கிடையே உள்ள தூரமோ தடித்த இழைகளில் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும். அந்தத் தூரம் முழுவதையும் ஒரே ஒரு ஷ்வான் செல் சுற்றிச் சுற்றி உறையிட்டிருக்கிறது. மின்தூண்டல் கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால்தான் உறையுள்ள தடித்த இழையில் அது வினாடிக்கு 120 மீட்டர்வரை போகிறது. உறையற்ற மெல்லிய இழைகளில் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் அளவில்தான். காலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்ற கூர்மையும், சற்றுக் கழித்து ஆழமான வலியும் வருவதற்குக் காரணம் இந்த வேக வேறுபாடு என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

செவிலியர்களுக்கு இங்கே இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன். ஷ்வான் செல்கள் உறையிடுவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளுக்கு. உள்ளே அந்த வேலையைச் செய்வது ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள். ஒவ்வொன்றும் பல கைகளை நீட்டிப் பல ஆக்ஸான்களுக்கு உறையிடும். கில்லன்-பாரே நோயில் பெரும்பாலும் தாக்கப்படுவது வெளி நரம்புகளின் உறை, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் உள்ளே இருக்கும் உறை. வெளி நரம்பு அறுந்தால் சாதகமான நிலையில் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஆக்ஸான் மறுபடி வளர முடியும். தண்டுவடத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. விரலில் நரம்பு தைக்கப்பட்டவருக்கு உணர்ச்சி திரும்ப ஏன் மாதக்கணக்காகிறது என்று வார்டில் கேள்வி வரும்போது பதில் சொல்ல இந்த ஸ்லைடு உதவும். கையேட்டில் இதில் ஒரு வரியும் இல்லை.

இனி சிறுமூளை. இங்கேயும் இரண்டு ஸ்லைடுகள். வழக்கமான சாயத்தில் மூன்று அடுக்குகள் தெளிவாகப் பிரிகின்றன: வெளியே வெளிறிய அடுக்கு, உள்ளே கருக்கள் நெருங்கிக் கருநீலமாகத் தெரியும் குறுணைச் செல் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே ஒற்றை வரிசையில் பர்கின்ஜி செல்களின் உடல்கள். யான் பர்கின்ஜி 1837இல் இவற்றை விவரித்தார். செல்லின் உடல் குடுவை வடிவில் இருக்கிறது, மேலே ஒரு கழுத்து தொடங்குகிறது, அவ்வளவோடு மறைந்துவிடுகிறது. இரண்டாவது ஸ்லைடு கோல்ஜி முறையில் வெள்ளி ஏற்றியது. மஞ்சள் பின்னணியில் அதே செல் கன்னங்கரேலென்று, உச்சி நுனிவரை கிளை கிளையாகப் பிரிந்து நிற்கிறது. சுவரோடு ஒட்டிப் படர்ந்த கொடியைப்போல் அத்தனை கிளைகளும் ஒரே தளத்தில் தட்டையாக விரிந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து வெட்டியிருந்தால் ஒரு குச்சிதான் தெரியும். எங்களுக்குக் கிடைத்த ஸ்லைடு சரியான தளத்தில் வெட்டியது. செய்தவரின் கைத்திறனுக்கு என் வணக்கம்.

அந்த ஸ்லைடைப் பார்த்த ஒரு மாணவி, “மேடம், நடுவில் இருந்த மற்ற செல்களையெல்லாம் யார் எடுத்துவிட்டார்கள்?” என்று கேட்டாள். முந்தைய ஸ்லைடில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த குறுணைச் செல்கள் இதில் காணவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கரிய செல்கள், மற்றபடி வெட்டவெளி. எவ்வளவு சரியான கேள்வி! எதையும் யாரும் எடுக்கவில்லை. கோல்ஜி முறை திசுவில் உள்ள செல்களில் மிகச் சிலவற்றை மட்டுமே கருக்கச் செய்யும், ஆனால் பிடித்த செல்லை முழுதாகக் காட்டும். எல்லாச் செல்லும் கருத்திருந்தால் ஸ்லைடு முழுக்கக் கருப்பாகி எதுவுமே தெரிந்திருக்காது. குறைவாகப் பிடிப்பதுதான் இந்த முறையின் உயிர்.

கமில்லோ கோல்ஜி 1873இல் இதை வெளியிட்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் கெட்டிப்படுத்திய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் ஊற வைப்பதுதான் அடிப்படை. ஸ்பெயின் நாட்டின் சான்டியாகோ ரமோன் இ கஹால் 1887இல் இந்த முறையில் செய்த ஸ்லைடுகளைப் பார்த்து, அதை மேம்படுத்தி, அடுத்த ஆண்டே பறவைகளின் சிறுமூளை பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி. கிளை நுனிகள் ஒன்றோடொன்று நெருங்கும், ஒட்டி ஒன்றாகிவிடுவதில்லை என்பது அவர் கண்டது. கோல்ஜியோ எல்லாம் இணைந்த ஒரே வலை என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசுரையில்கூடக் கோல்ஜி தம் வலைக் கொள்கையை விடவில்லை. ஒரே சாயம், ஒரே நுண்ணோக்கி, இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு முடிவுகள். தகராறு 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸின் இடைவெளியைக் காட்டிய பிறகுதான் முழுதாகத் தீர்ந்தது. கையேடு கோல்ஜியின் பெயரை மட்டும் ஸ்லைடின் தலைப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் எங்கேயும் இல்லை.

கோல்ஜி ஸ்லைடில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கிளைகள் முழுதாகத் தெரிய வேண்டுமென்பதால் இந்தச் சீவல்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு தடிமனாக வெட்டப்படுகின்றன, மேலே பிசினும் கனமாக இருக்கிறது. எங்கள் நுண்ணோக்கிகள் சிலவற்றில் நாற்பது மடங்கு லென்ஸ் ஃபோகஸ் வருவதற்கு முன்பே கண்ணாடியில் இடிக்கிறது. பத்து மடங்கிலேயே பார்த்து, நுண் திருகை மேலும் கீழும் மெதுவாக நகர்த்தினால் கிளைகள் ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்க்கலாம். இந்த எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். லென்ஸ் கீறினால் நட்டம் ஸ்லைடோடு நிற்காது.

பெட்டியில் இல்லாதது நியூரோக்ளியாவுக்கான தனி ஸ்லைடு. மனித நரம்பு மண்டலம் என்று மேலட்டையில் எழுதிவிட்டு, அதன் செல்களில் சரிபாதியை விட்டுவிட்டார்கள். தங்கச் சாயத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகள் நட்சத்திரமாக விரிந்து, இரத்த நுண்குழாய்களின்மேல் பாதம் பதித்து நிற்பதைக் காட்டும் ஸ்லைடு தனியாகக் கிடைக்கிறது. நாங்கள் வேறு இடத்திலிருந்து அதை வாங்கிச் சேர்த்துக்கொண்டோம். கையேடு நியூரோக்ளியாவுக்கு ஒரே பத்தி ஒதுக்கி, அதிலும் “நியூரான்களைவிடப் பத்து மடங்கு அதிகம்” என்ற பழைய கணக்கைத் திருப்பிச் சொல்கிறது. மூளைத் திசுவைக் கரைத்துச் செல் கருக்களை எண்ணும் முறையில் 2009இல் வெளியான கணக்கெடுப்பு, மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், ஏறக்குறைய அதே அளவு மற்றச் செல்கள் என்று காட்டியது. அந்த நியூரான்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் மட்டும் இருக்கின்றன, பெரும்பாலும் அந்தக் குறுணைச் செல்கள். மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. கருநீல அடுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும் நேரத்திலேயே இந்த எண்ணைச் சொன்னால் மாணவர் கண் அகலும். அதை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இனி மாதிரிகள். நியூரான் மாதிரியில் செல் உடல் பத்து சென்டிமீட்டர் அகலம். ஆக்ஸானோ அரை மீட்டருக்குள் முடிந்து, இன்னொரு செல்லின் டெண்ட்ரைட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. வடிவங்கள் சரி, நிறங்கள் தெளிவு, ஷ்வான் செல்லின் உறை ஓரிடத்தில் வெட்டிக் காட்டப்பட்டிருப்பது நேர்த்தி. அளவுதான் பிரச்சினை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் செல்லைப் பத்து சென்டிமீட்டராக்கினால் ஆயிரம் மடங்கு. பாதத் தசைக்குப் போகும் நிஜ ஆக்ஸான் ஒரு மீட்டர் நீளம் என்றால், இந்த மாதிரியில் அது ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். சினாப்ஸின் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். ஆயிரம் மடங்காக்கினாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆகையால் இடைவெளி தெரியாமல் ஒட்டியதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் ஒட்டியிருப்பது மாதிரியின் வசதிக்காக, நிஜத்தில் அங்கே இடைவெளி உண்டு, வேதிப்பொருள்கள் அதைக் கடந்துதான் செய்தியைத் தருகின்றன என்று அடிப்பலகையில் ஒரு வரி பொறித்திருக்க வேண்டும். நான் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மூளை மாதிரி மனத்துக்கு நிறைவானது. நிஜ அளவு, துண்டுகளைப் பிணைப்பவை காந்தங்கள், நூற்றுக்கணக்கான கைகள் பிரித்துக் கோத்த பிறகும் தளரவில்லை. நடுவில் பிளந்தால் கார்ப்பஸ் கலோசம், அதன் கீழே தலாமஸ், ஹைபோதலாமஸ், பிறகு நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று வரிசை சரியாக இறங்குகிறது. மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் பக்கவாட்டு வெண்ட்ரிக்கிள்களைக் குழிவாகச் செதுக்கியிருக்கிறார்கள், வெறும் வண்ணம் பூசித் தப்பித்துக்கொள்ளவில்லை. மூளைத் தண்டுவடத் திரவம் எங்கே சுரந்து எப்படி இறங்குகிறது என்று விரலை வைத்தே காட்டலாம். பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லிலிட்டர்தான் இருக்கும், நாளுக்குச் சுரப்பதோ சுமார் 500. வடிகால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளும் உள்ளன. நான்காவது நரம்பு ஒன்றுதான் மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து கிளம்புவது. மலிவான மாதிரிகளில் அதையும் முன்னால் ஒட்டிவிடுவார்கள். இதில் சரியான இடத்தில் இருக்கிறது. குறை என்றால், டியூரா, அரக்னாய்டு, பயா என்ற மூன்று உறைகளையும் காட்ட ஒரு துண்டுகூட இல்லை. தலையில் அடிபட்டவருக்கு இரத்தம் எந்த உறைக்கு மேல், எந்த உறைக்குக் கீழ் தேங்கியது என்பதைப் படிக்கப் போகிறவர்களுக்கு இது பெரிய குறை.

சுவர்ப்படத்தை நான் மாட்டவே இல்லை. 31 இணைத் தண்டுவட நரம்புகளும் சரியாக எண்ணிப் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் தண்டுவடத்தையே முதுகெலும்பின் அடிவரை, திரிக எலும்புக்குள் வரை கெட்டியான ஒரே தண்டாக வரைந்துவிட்டார்கள். பெரியவர்களில் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் கீழே இருப்பது நரம்பு வேர்களின் கற்றை, திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். திரவம் எடுக்கும் ஊசியை மூன்றாவது நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ நுழைப்பது அதனால்தான். அங்கே குத்துப்பட்டு அழிவதற்குத் தண்டுவடம் இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்குத் தண்டுவடம் இன்னும் சற்றுக் கீழே, மூன்றாம் முள்ளெலும்பு அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும் என்பதால் இடத்தை இன்னும் கவனமாகத் தேர்கிறார்கள். இந்தப் படத்தைத் தினமும் பார்த்து வளரும் ஒரு செவிலிக்கு அந்த ஊசி எங்கே போனாலும் ஆபத்து என்றுதான் தோன்றும். பயந்த நோயாளிக்கு அவள் எப்படித் தைரியம் சொல்வாள்? கையேட்டின் பிழைகளை வகுப்பில் வாய்மொழியாகத் திருத்திவிடலாம். சுவரில் நாள்தோறும் தொங்கும் பிழையைத் திருத்த முடியாது.

விற்றவர்களிடம் எழுத்து மூலம் தெரிவித்தேன். வரும்போதே விரிசல் கண்டிருந்த பெருமூளை ஸ்லைடுக்கு மாற்று உடனே வந்தது, கேள்வி கேட்காமல் அனுப்பினார்கள், அதற்கு நன்றி. சுவர்ப்படத்தைப் பற்றியும் கையேட்டைப் பற்றியும் எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. “மனித நரம்பு மண்டலம்” என்று தலைப்பிட்ட பெட்டிக்குள் ஸ்லைடுகள் மாடு, முயல், எலி ஆகியவற்றிலிருந்து வந்தவை என்பதை ஒட்டுச்சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த அளவிலான பாடத்துக்கு அது குறையில்லை, பாலூட்டிகளின் நியூரான் அடிப்படையில் ஒன்றேதான். மேலட்டையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

நீலச் சாயப் பூச்சு வெளிச்சத்தில் மங்கும். வகுப்பு முடிந்ததும் நுண்ணோக்கி மேடையில் விட்டுவிடாமல் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அடுக்குப் பள்ளங்கள் ஆழமாக இருப்பதால் ஸ்லைடுகள் ஒன்றோடொன்று உரசுவதில்லை. வாங்குவதாக இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டை எழுத்தில் கேளுங்கள்: தண்டுவடக் குறுக்குவெட்டு எந்த மட்டத்திலிருந்து எடுத்தது, கோல்ஜி ஸ்லைடின் மொத்தத் தடிமன் எவ்வளவு. மார்பு மட்டத்து வெட்டும் ஒன்று சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், கூடுதலாகக் கேட்டால் தருகிறார்கள். கையேட்டுக்குப் பதிலாக ஸ்லைடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: என்ன திசு, என்ன சாயம், எது தெரியும், எது தெரியாது. எங்கள் பெட்டியில் இப்போது அந்த அட்டைகள்தான் இருக்கின்றன. சுவர்ப்படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.